சந்தனம் வச்ச ஏணி

காலை அப்படியே வைங்க, பரவால்லீங்க. மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. இந்த ஏணி மேல நீங்க நிக்கலாம், பையை வைக்கலாம், உக்காரக்கூடச் செய்யலாம். பாருங்க, அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலைக்காரம்மா படிக்கு நடுவுல காலை வச்சு வச்சு, பாண்டி ஆடற மாதிரி எத்தனை அழகாத் தாண்டிப் போறாங்க. கண்டக்டருக்குத்தான் கோவம். உக்கடத்துல ஏறும்போதே சத்தம் போட்டாரு, ஏணியெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாதுன்னு. ஏனுங்க கண்டக்டரே, கோழி ஏறுது, பலாப்பழம் ஏறுது, போன வாரம் ஒருத்தரு தண்ணி மோட்டாரையே மடியில வச்சுட்டு வந்தாரு, ஏணி மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சுன்னு கேட்டேன். லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நல்ல மனுசன்தான்.

நமக்கு செம்பாறைப் பிரிவுங்க. பொள்ளாச்சி தாண்டி, உடுமலை போற ரோட்டுல. நீங்க? அட, நீங்களும் அங்கதானா! அங்கிருந்து வேற பஸ்ஸா? சரிசரி. அப்ப எறங்கும்போது ஒரு கை புடிங்க சாமி. கனமெல்லாம் இல்ல. அலுமினியம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு இழுக்கற ஏணி. இப்படி மடிச்சிருந்தா ஒரு ஆள் ஒசரம், இழுத்து உட்டா ரெண்டு ஆள் ஒசரம்.

என்ற பேரு வெள்ளியங்கிரிங்க. அலுமினியம் கம்பெனியில பிரஸ் பாக்கறேன். கம்பெனி பேரு வேண்டாம், நம்ம சோறு போடற எடம். மலுமிச்சம்பட்டிப் பக்கம்னு வச்சுக்கங்க. உங்க ஊட்டு ஜன்னலு, கடைக் கதவு, இந்த மாதிரி ஏணி, இதுக்கெல்லாம் சட்டம் வருதில்லீங்களா, நீள நீளமா? அது நாங்க தள்ளறதுதான். எப்படின்னு கேளுங்க. முறுக்கு புழியறதப் பாத்திருப்பீங்க. மாவை உருட்டி உரலுக்குள்ள வைக்கறோம், மேல இருந்து அழுத்தறோம், அச்சு என்ன மாதிரியோ அந்த மாதிரி வெளிய வருது. அதேதான். மாவுக்குப் பதிலா அலுமினிய உருளை, பில்லட்டுன்னு சொல்லுவோம். நல்லாச் சூடு பண்ணி உள்ள தள்ளுவோம். அச்சு இரும்புல. நம்ம பிரஸ் அழுத்தற அழுத்துல இந்த பஸ்ஸே முறுக்கா வந்துரும்.

ஒரு விசயம் சொல்றேன், ஆரும் நம்பமாட்டாங்க. அலுமினியம் எத்தனை சூடானாலும் செவக்காதுங்க. இரும்புன்னா செவந்து காட்டும், தொடாதேன்னு சொல்லும். இது சும்மா வெள்ளை வெளேர்னு பச்சப்புள்ளையாட்டம் இருக்கும். தொட்டாத்தான் தெரியும். எங்க சம்பந்தி திருமலைச்சாமியும் அந்த வகைதான். அவரு கோவத்துல இருக்கறாரா, கொஞ்ச நேரம் கழிச்சுக் காப்பி சாப்பிடலாம்னு இருக்கறாரா, மொகத்தைப் பாத்து ஒரு மனுசன் கண்டுபிடிக்க முடியாது.

அவரு ஊட்டுக்குத்தான் போறேன். இந்த ஏணியக் குடுக்கத்தான் போறேன்.

இல்லீங்க, யாவாரம் இல்ல. இது ரெண்டாவது ஏணி. மொத ஏணி வளைஞ்சு போச்சு.

என்ற பொண்ணு பூங்கொடிய அவரு பையனுக்குக் குடுத்திருக்கு. கொப்பரைக் களம், தென்னந்தோப்பு, நல்ல குடும்பம். பையன் புதுசா ஊடு கட்டி, தை மாசம் பால் காய்ச்சுனாங்க. பொண்ணைக் குடுத்தவங்க சீரு கொண்டு போவணுமில்லீங்களா? எல்லாரும் என்ன கொண்டு போவாங்க? குத்துவெளக்கு, அண்டா, பட்டு. அதேதான் நம்ம ஊட்டுக்காரியும் சொன்னா. நான் ஒரு பேச்சு சொன்னேன். அண்டாவைக் கடையில ஆரு வேண்ணாலும் வாங்கலாம். நான் என்ற பிரஸ்ல, என்ற கையில தள்ளுன சட்டத்துல ஏணி செஞ்சு மாலை போட்டுக் கொண்டு போறேன், அப்புறம் பாருன்னேன். அவ எந்திரிச்சுப் பாத்திரம் வெளக்கப் போயிட்டா. அப்படின்னா ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

நம்ம பிரஸ்ல ரெண்டு வகை உலோகம் ஓடும். ஒண்ணு மெத்துனு இருக்கும். ஜன்னலுக்கு, கதவுக்கு. வெண்ணையாட்டம் வரும், பாத்துட்டே இருக்கலாம், அத்தனை வழுவழுப்பு. வேகமாத் தள்ளலாம். எனக்கு அதுதான் புடிக்கும். ஒரு நாளைக்கு நான் தள்ளற நீளம் பக்கத்து ஷிப்டுக்காரங்களால முடியாது, கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு கெட்டி. ஏணிக்கு, லாரி பாடிக்கு. அதுல மெக்னீசியம் கொஞ்சம் கூட இருக்கும், செம்பு ஒரு சிட்டிகை இருக்கும். சிட்டிகைன்னா சிட்டிகைதாங்க. நூறு கிலோவுல செம்பு கால் கிலோ இருக்கும், அவ்வளவுதான். அதுக்கு என்ன திமிருங்கறீங்க! தள்ளுனா நகராது. பிரஸ்ல அழுத்தங் காட்டற முள்ளு கிறுகிறுன்னு மேல போயிரும். கொஞ்சம் அவசரப்பட்டாப் போதும், மேல்தோலு கிழிஞ்சு மீன் செதிலாட்டம் வந்துரும். மெதுவா, மெதுவா, கெஞ்சிக் கெஞ்சித் தள்ளணும்.

லேப்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருக்குது. தூத்துக்குடிக்காரி. படிச்ச புள்ள. அது ஒருக்கா சொல்லுச்சு, மெக்னீசியமும் சிலிக்கானும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, தள்ளி முடிச்சதுக்கப்புறம் சட்டத்தை ஓவன்ல வச்சு வேக வைக்கறோமே, அப்பக் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியா உள்ளுக்குள்ள எறங்கி நிக்குமாம். உலோகம் அசையப் போனா அந்தப் பொடி தடுக்குமாம். அதுதான் பலமாம். செம்பும் சேர்ந்தா இன்னும் பலமாம். "தள்ளும்போது மொரண்டு பிடிக்கிற உலோகந்தான் அண்ணாச்சி, நாளைக்கு நின்னு தாங்கும். உங்களுக்கு வழுக்கிட்டு வாறது மட்டுந்தான் பிடிக்கும்"னுச்சு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. ஏன் சொல்லுச்சுன்னு எனக்கு வெளங்கல.

ரெண்டையும் பாத்தா வித்தியாசம் தெரியாதுங்க. அதே நெறம், அதே கனம். அதனால பில்லட்டோட மூஞ்சியில பெயிண்ட் அடிச்சு வைப்பாங்க. மெத்துனு இருக்கறதுக்கு மஞ்சள். கெட்டிக்குச் செவப்பு. அதை வச்சுத்தான் எடுக்கறது, அதை வச்சுத்தான் தள்ளறது.

இங்கதான் கதையே வருது. அந்தத் தைக்கு முன்னாடி ஆயுத பூசை வந்துது.

நம்ம ஷிப்டுல பூசைன்னா என்ற பொறுப்பு. நான் எதையும் அரைகுறையாச் செய்யமாட்டேனுங்க, அது என்ற பொறப்பு. மத்த ஷிப்டுக்காரங்க பிரஸ்ஸுக்கு ஒரு பொட்டு வைப்பாங்க, ஸ்விட்ச் பெட்டிக்கு ஒண்ணு, எலுமிச்சம்பழத்த நசுக்குனா முடிஞ்சுது. நான் அப்படியா? பிரஸ்ஸத் தொடைச்சேன். அச்செல்லாம் தொடைச்சேன். வரிசையா அடுக்கி வச்சிருந்த பில்லட்டு மூஞ்சியெல்லாம் ஒரே தூசி, பெயிண்டு கண்ட மாதிரி அப்பிக் கெடந்துது. அது நல்லாவா இருக்குது? தின்னர் ஊத்தி ஒண்ணு விடாம தொடைச்சேன். பளபளன்னு கண்ணாடியாட்டம் ஆயிருச்சு. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், நடுவுல குங்குமம். நூத்துக்கணக்குல இருக்குதுங்க, அத்தனைக்கும். பாக்கறதுக்குக் கல்யாண மாப்பிள்ளைங்க வரிசையா நிக்கற மாதிரி இருந்துது. மொதலாளி வந்து பாத்துட்டு, என்ன வெள்ளியங்கிரி, கோயிலாட்டம் பண்ணிட்டயேன்னாரு. போட்டோவெல்லாம் எடுத்தாங்க.

பூசை லீவு முடிஞ்சு அந்த ஜெசிந்தா வந்துது. பில்லட்டைப் பாத்துது. என்னைப் பாத்துது. மறுபடி பில்லட்டைப் பாத்துது.

"அண்ணாச்சி, மஞ்சள் எங்க? செவப்பு எங்க?"

ரெண்டும் இருக்குதே கண்ணு, சந்தனம் மஞ்சளு, குங்குமம் செவப்புன்னேன். தமாசுக்குத்தாங்க சொன்னேன். அது அப்படியே தலையில கைய வச்சுட்டுப் பில்லட்டு மேலயே உக்காந்துருச்சு. "என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய! எது எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க?"

இதுக்குப் போய் இத்தனை பெரிய பேச்சா? நீங்களே சொல்லுங்க. சாமி காரியம். அதுவும் நான் என்ன வேணும்னா பண்ணேன், சுத்தம் பண்ணேன். சரி, அதுகிட்ட ஒரு மெஷின் இருக்குது, துண்டு வெட்டி வச்சாப் பொறி தட்டும், உள்ளே என்னென்ன கலந்திருக்குன்னு சொல்லிரும். ஆனா அத்தனை பில்லட்டுலயும் ஒவ்வொரு துண்டு வெட்டி முடிக்கறதுக்குள்ள ஊரு சிரிச்சுப் போகும். நான் சொன்னேன், எதுக்கு கண்ணு கஷ்டம், நான் தள்ளிப் பாத்தே சொல்லிடறேன். மொரண்டு புடிச்சா கெட்டி, வழுக்கிட்டு வந்தா மெத்து. முள்ளு பொய் சொல்லாது. இத்தனை வருசமா அந்த முள்ளோடதானே குடித்தனம் பண்றேன்.

அது வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு. "சூடு கொறைஞ்சா மெத்துனு இருக்கதும் மொரண்டுதான் பிடிக்கும் அண்ணாச்சி. அடுப்போட ஓரத்துல கெடந்தது சூடு ஏறாம வரும். முள்ளுக்கு அது தெரியுமா?"ன்னு கேட்டுது. படிச்சவங்கன்னா எதாச்சும் ஒண்ணு சொல்லணுமில்ல. நான் தள்ளுனேன். அது வந்து நிறுத்தறதுக்குள்ள கொஞ்சந்தான் தள்ள முடிஞ்சுது. அதுல ஒண்ணு எப்படி மொரண்டு புடிச்சுதுங்கறீங்க! முள்ளு உச்சிக்குப் போயி நின்னுருச்சு. பிரஸ்ஸே மொனகுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அடடா, இதுதான் கெட்டியிலயும் கெட்டி, சம்பந்தி ஊட்டு ஏணிக்கு இதுதான்னு அந்தச் சட்டத்தைத் தனியா எடுத்து வச்சுட்டேன். ஆபீஸ்ல சொல்லிக் காசு கட்டித்தானுங்க எடுத்தேன். ஏணி செய்யறவருகிட்டக் குடுத்தேன். ரெண்டு ஏணிக்கு வந்துது. ஒண்ணு சம்பந்திக்கு, ஒண்ணு நம்ம ஊட்டுக்கு.

மத்ததையெல்லாம் ஜெசிந்தா நிறுத்தி வச்சு ஒண்ணொண்ணா வெட்டிப் பாத்துது. அது ஒரு பக்கம் நடந்துது, அதை உடுங்க.

கிணத்துக்கடவு வந்துருச்சா? சித்த நகர்ந்துக்கங்க, ஆள் ஏறறாங்க. ஏனுங்க தம்பி, படியில காலை வைக்காதீங்க, நடுவுல வைங்க, நடுவுல. ஆங், அப்படித்தான்.

எங்க உட்டேன்? பால் காய்ச்சறது. நல்ல கூட்டம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தாங்க. ஏணிக்குச் சாமந்தி மாலை போட்டு நடு வாசல்ல சாத்தி வச்சேன். சம்பந்தி வந்து பாத்தாரு. "ஏணி எதுக்குங்க சம்பந்தி?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இப்படிக் கேட்டா நாலு பேருக்கு முன்னாடி நம்ம சீரு என்னத்துக்கு ஆகும்? இது சாதாரண ஏணி இல்லீங்க சம்பந்தி, நான் பாத்துப் பாத்துத் தள்ளுனது, ஆனையே ஏறலாம்னேன்.

அந்த நேரம் பாத்து மாவெலத் தோரணம் ஒரு பக்கம் அவுந்து தொங்குச்சு. சம்பந்தி ஆளு நம்மளாட்டந்தான், நல்ல வாட்டசாட்டம். அவரு சட்டையும் என்ற சட்டையும் ஒரே அளவு, தீவாளிக்கு மாறிப் போனாக்கூடத் தெரியாது. வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு, ஏணிய எடுத்து சன்சைடுல சாத்துனாரு, ஏறுனாரு. நான் கீழ நின்னு, ஏறுங்க ஏறுங்க, இன்னும் மேல போங்க, பயப்படாதீங்கன்னு தைரியம் சொல்லிட்டே இருந்தேன்.

நானே ஏறியிருக்கலாமே, அதுவா? அது வந்துங்க... நமக்குத் தலை சுத்தும். தரையில நின்னு வேலை செஞ்ச காலு. இத்தனை வருசமா ஏணிக்குச் சட்டம் தள்ளறேன், ஒரு நாளும் ஏணியில ஏறுனதில்ல. ஏன், வளையல் செய்யறவரு வளையல் போட்டுக்கறாரா?

அவரு நடு ஏணிக்குப் போனாரு. வளைஞ்சுது.

ஆனா ஒண்ணு, அலுமினியத்தோட பெருமையச் சொல்லணுங்க. மரமா இருந்தாப் படார்னு ஒடிஞ்சு மனுசனைப் போட்டிருக்கும். இது ஒடியல. மெதுவா வளைஞ்சுது. கும்புடு போடற மாதிரி வளைஞ்சு, அவரை மரியாதையாக் கீழ கொண்டாந்து, பந்திக்கு வச்சிருந்த வாழையிலைக் கட்டு மேல உக்கார வச்சுருச்சு. ஒரு கீறல் இல்ல. கையில தோரணத்தைப் புடிச்சபடியே உக்காந்திருந்தாரு. எங்கியோ ஒரு சின்னப் புள்ள மட்டும் சிரிச்சுது. அந்த எடத்துல ஆராச்சும் ஒரு வார்த்தை கலகலப்பாச் சொன்னாத்தானே நல்லா இருக்கும்? நாந்தான் சொன்னேன். "ஆனைக்குத்தானுங்க சம்பந்தி சொன்னேன், உங்களைக் கணக்குலயே சேக்கலீங்களே"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நல்லாத்தான் சிரிச்சாங்க. அவரு மட்டும் எந்திரிச்சு வேட்டியத் தட்டிட்டு உள்ள போயிட்டாரு.

அதுலருந்து பேசறதில்ல. தை போச்சு, சித்திரை போச்சு, ஆடியும் போச்சு. போன் பண்ணா, "நல்லா இருக்கறமுங்க"ன்னு மாப்பிள்ளைதான் பேசுவாரு. சம்பந்தி பக்கத்துலதான் இருப்பாரு, இருமறது கேக்கும், வாங்கிப் பேசமாட்டாரு. ஒரு ஏணிக்கு இத்தனை கோவமா? ஊட்டுக்காரி சொல்றா, ஏணி இல்லீங்க, உங்க வாயிதான்னு. பூங்கொடியும் அதையேதான் சொல்றா. அவளுகளுக்கு உலோகத்தைப் பத்தி என்ன தெரியும்? வாயி என்ன பண்ணுச்சு, வளைஞ்சது ஏணிதானே.

சரி, எனக்கென்ன, பேசாட்டிப் போறாருன்னு இருந்துரலாம். ஆனா பேரனுக்குக் காது குத்தணுங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், என்ற பையன் மடி. ரெண்டு சம்பந்தியும் உக்காந்து பேசி நாள் குறிக்கணும். இவரு வாயத் தொறந்தாத்தானே? பாக்கலாம், பாக்கலாம்ங்கறாராம். மொட்டையடிச்ச முடி காது மேல வளர்ந்து தொங்குதாம். போன வாரம் பூங்கொடி போன் பண்ணி, "அப்பா, நீங்க பாட்டுக்கு ஒண்ணைச் சொல்லிட்டுப் போயிட்டீங்க, நான் இங்க தினமும் மாமா மூஞ்சியில முழிக்கறேன், சோறு போட்டாக் கூட என்னை நிமிந்து பாக்கறதில்ல"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. என்ற பொண்ணு அழுதா எனக்குத் தாங்காது. மத்ததெல்லாம் தாங்குவேன்.

அதுதான் கிளம்பிட்டேன். ஜெசிந்தாகிட்டப் போயி, கண்ணு, நீயே பாத்துச் சொல்லு, எனக்கு ஒரு கெட்டிச் சட்டம் வேணும்னேன். அப்புறம் அதுவே நின்னு, துண்டு வெட்டிப் பாத்து, ஓவன்ல வெந்ததையும் அழுத்திப் பாத்து, ஏணி ஆனதுக்கப்புறம் காலுல ரெண்டு பக்கமும் செவப்புப் பெயிண்ட் வச்சுக் குடுத்துச்சு. "இந்தச் செவப்பு இருக்கதுதான் கெட்டி. ஒங்க வீட்டுல நிக்கிற ஏணி பழைய மெத்து, அதும் இதும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். தொடைச்சிராதிய அண்ணாச்சி"ன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. நல்ல புள்ள. சம்பந்தி பேசிட்டாருன்னா அதுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் குடுக்கணும்.

நல்லா வச்சிருக்கறேனா ஏணிய? எப்படி மின்னுது பாருங்க. காலையிலதான் கழுவுனேன். நல்ல காரியத்துக்குப் போறோம், சும்மா எடுத்துட்டு வர முடியுமா? காலுல எல்லாம் ஒரே மண்ணு, பெசுக்கு. தின்னர் போட்டுச் சுத்தமாத் தொடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு... ரெண்டுக்கும் வச்சேன். ஊட்டு ஏணிக்கும்தான். ஒண்ணுக்கு மட்டும் வச்சா இன்னொண்ணு என்னங்க பாவம் பண்ணுச்சு?

என்னங்க?

இல்ல, என்ன கேட்டீங்க, மறுபடி சொல்லுங்க.

இது எதுன்னா?

இதுதானுங்க அது. செவப்பு வச்ச... இருங்க. செவத்துக்கிட்ட ரெண்டும் நின்னுது. நான் தொடைச்சேன். பொட்டு வச்சேன். ஊட்டுக்காரி காப்பிக்குக் கூப்புட்டா. குடிச்சுட்டு வந்தேன், எடுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடியாந்தேன். வலது பக்கம் நின்னத எடுத்தேன். வலது பக்கம் நின்னது...

சித்த சும்மா இருங்க சாமி, யோசிக்கறேன்.

காசு இருந்தாக் குடுங்க, தட்டிப் பாக்கலாம். ணங். கேட்டுதா? கெட்டியாட்டந்தான் இருக்குது. மெத்தைத் தட்டுனாலும் இப்படித்தான் கேக்கும். ஊட்டுக்காரிக்குப் போன் பண்ணிக் கேக்கலாம்னா, அங்க நிக்கறது எதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஜெசிந்தாவுக்குப் பண்ணலாம். வேண்டாங்க. அந்தப் புள்ளைகிட்ட இதை எந்த வாயால சொல்றது?

பொள்ளாச்சி தாண்டியாச்சு. வழியெல்லாம் காசால தட்டிட்டே வந்துட்டேனா? தட்டியும் ஒண்ணும் புடிபடலீங்க. மறுக்கா ஒருதடவை அந்த மனுசன் இதுல ஏறி, மறுக்கா வளைஞ்சா, என்ற பொண்ணு அந்த ஊட்டுல எப்படிங்க இருப்பா? காது குத்தறத உடுங்க. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?

பிரிவு வந்துருச்சு. எறங்குங்க, எறங்குங்க. மெதுவா. அந்த முனையத் தூக்குங்க. கண்டக்டரே, விசிலடிச்சுறாதீங்க, பாதி ஏணி இன்னும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்குது! ஆங். போலாம், ரைட்.

அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொப்பரை காயுதே, அதுதான் சம்பந்தி களம். ஆளைக் காணோம். நல்லதாப் போச்சு. சாமி, உங்க பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குதில்ல? ஒரு உதவி பண்ணுங்க. இதை இழுத்து உட்டு, இந்த நெழற்குடை மேல சாத்துவோம். நீங்க காலைப் புடிச்சுக்கங்க. நான் ஏறிப் பாத்துடறேன்.

ஆமாங்க, நாந்தான். வேற ஆரை ஏறச் சொல்றது? ஒரே சட்டை அளவு. என்னைத் தாங்குனா அவரைத் தாங்கும். வளைஞ்சா என்னோட வளைஞ்சுட்டுப் போகட்டும். இப்படியே அந்த வேலிச் சந்துல, இட்டேரியில வீசிட்டு அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிடறேன். செருப்பை இங்க கழட்டி உடறேன். பையை இப்படிப் பக்கத்துல வச்சுக்கங்க, பேரனுக்கு முறுக்கு இருக்குது.

புடிச்சுட்டீங்களா? விட்டுறாதீங்க. ஏறறேன்.

ஐயோ, இது என்னங்க, ஆடுது. இல்ல, ஏணி ஆடல, என்ற காலுதான். கீழ பாக்கமாட்டேன். செவத்தையே பாக்கறேன். எதாச்சும் பேசிட்டே இருங்க. வேண்டாம், நானே பேசறேன். தள்ளும்போதும் இப்படித்தானுங்க, மெதுவா, மெதுவா. ரோட்டுல ஆள் நிக்கறாங்களா? நிக்கட்டும். ஆரோ சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

நடுவுக்கு வந்துட்டேன். இங்கதான். அன்னைக்கு இந்தப் படியிலதான் அவரு நின்னாரு. புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க இங்க. ஊரே நிமிந்து பாக்குது. இதுல கீழ ஒருத்தன் சொகமாத் தரையில நின்னுட்டு, ஏறு ஏறு, ஆனை ஏறலாம்னு பேசுனா...

பேசுனா எப்படிங்க இருக்கும்.

சரி. இன்னும் ஒரு படி. நிக்குதுங்க! வளையல! இதோ குதிக்கக்கூடச் செய்யறேன் பாருங்க, வேண்டாம், குதிக்கல. ஆனா நிக்குது! கெட்டிதானுங்க இது, ஜெசிந்தா ஏணிதான்!

சாமி, நீங்க ஒல்லியா இருந்தாலும் புடி நல்ல புடிங்க. ஒரு ஆட்டம் இல்ல, நட்டு வச்சாப்புல இருக்குது. அப்படியே புடிச்சுக்கங்க, நான் எறங்கறதுக்கு... ஏனுங்க, நீங்க எதுக்கு அந்தப் புளியமரத்துக்கிட்டப் போயி நிக்கறீங்க? பையை வச்சுட்டுச் சிரிக்கறீங்க? நீங்க அங்க நின்னா அப்ப இங்க ஏணிய ஆரு...

சம்பந்தி.

இல்லீங்க, சும்மா... இந்தப் பக்கம் வந்தேன். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு.

கேட்டீங்களா சாமி? கேட்டீங்களா அவரு பேசுனத? தையிலருந்து வாயத் தொறக்காத மனுசன், ரெண்டு கையிலயும் ஏணியப் புடிச்சுட்டு, மொகத்துல ஒண்ணும் காட்டாம, "பயப்படாம மெதுவா எறங்குங்க சம்பந்தி. ஆனையே ஏறலாம்னு நீங்கதானே சொன்னீங்க"ங்கறாரு.

சிரிங்க. எல்லாரும் நல்லாச் சிரிங்க. எறங்கி வந்து நானும் சிரிக்கறேன்.